வெள்ளைப் பூ வராத ஊர்

ஐப்பசி மாதத்து விடிகாலை ஒன்றில் பொதிக்காரன் அழகுமலையின் மாடு மட்டும் மலையிலிருந்து இறங்கி ஒத்தப்புளி ஊருக்குள் வந்தது. ஆளைக் காணோம். கூடப் போன இன்னொரு மாட்டையும் காணோம். முதுகிலிருந்த ஏலக்காய் மூட்டை ஒருபக்கமாகச் சரிந்து தொங்க, கால்களில் அட்டை கடித்த ரத்தம் வழிய, அது நேராக வந்து முனியாயியின் வாசலில் நின்றது. சாணி தெளித்துக்கொண்டிருந்த முனியாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்துப்போயிட்டாரு" என்றாள்.

பார்த்தீர்களா! மாடு வந்து நின்று ஒரு மூச்சு விட்டிருக்காது. அதற்குள் ஒரு மனுஷனைக் கொன்று, குழி வெட்டி, மண்ணும் தள்ளியாகிவிட்டது. அதுதான் முனியாயி. பசு சினையாக இருந்தால் "கன்னு தங்காது" என்பாள். மேகம் கூடினால் "இது எங்க பெய்யப்போகுது" என்பாள். பெய்துவிட்டால் "வெள்ளம் வந்து வெதையை வாரிக்கிட்டுப் போகப்போகுது" என்பாள். வயது முப்பத்திரண்டுதான். ஆனால் அவளிடம் நல்ல சேதி சொல்ல ஊரில் எல்லோருக்கும் தயக்கம். சொன்னால் அதற்கு ஒரு பாடை கட்டிவிடுவாளே!

ஊர் அவளை வாய்க்கொழுப்புக்காரி என்று நினைத்தது. உண்மை வேறு. அவள் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். எதை ஆசைப்பட்டாலும் அது செத்துப்போகும் என்று அவளுக்குள் ஓர் எண்ணம் உட்கார்ந்துவிட்டது. அதனால் ஆசை வரும் முன்பே கெட்டதை வாயால் சொல்லி விடுவாள். கெட்டது காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சரி, இவளுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கே" என்று வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பது அவள் கணக்கு.

இந்த எண்ணம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அது வந்த கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

ஒத்தப்புளி, போடிநாயக்கனூருக்கு மேற்கே இரண்டு மைலில், மலை காலை நீட்டிப் படுத்திருக்கும் இடத்தில் இருந்த சின்ன ஊர். போடிக்கு ரயில் வருவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முந்தைய காலம் அது. ஏலமலையிலிருந்து வரும் பாதை ஊரின் நடுவே புகுந்துதான் போடிக்குப் போகும். அந்த ஊரில் யாரும் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. பொண்ணு கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, மலைக்குக் கூலிக்குப் போவதா, எல்லாவற்றுக்கும் மெட்டுக்கருப்பன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க வேண்டும். பூசாரி வீரணன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பூவரச இலையில் வெள்ளை அரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்து, வாழைநாரால் ஒரே மாதிரி கட்டி, சாமி முன்னால் உருட்டிவிடுவான். சின்னப் பெண்பிள்ளை ஒருத்தி கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, பூசாரியே ஓடையில் விட்டுவிட வேண்டும். பிரித்தால் கண் அவிந்து போகும்.

முனியாயியின் புருஷன் ஒச்சப்பன் ஏலக்காய் பறிக்கப் போவதற்குப் பூக்கட்டிப் பார்த்தபோது வெள்ளை வந்தது. திரும்பி வரும்போது அவள் காதுக்குத் தண்டட்டி செய்து போடுவதாகச் சொல்லியிருந்தான். அந்தத் தண்டட்டியை நினைத்துக்கொண்டு, 'வெள்ளை வரட்டும், வெள்ளை வரட்டும்' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தது. அவனும் போனான். இரண்டே மாதத்தில் மலைக்காய்ச்சலோடு கம்பு ஊன்றி ஊர் எல்லை வரை வந்து விழுந்தான்.

மலைக்காய்ச்சல்காரனை ஊருக்குள் ஏற்றக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எல்லைக்கல்லுக்கு அந்தப்புறம் ஒரு குடிசை உண்டு. மூன்று நாள் அதில் கிடக்க வேண்டும். பிழைத்தால் வரலாம். ஒச்சப்பனை அங்கே போட்டார்கள். பத்தடி தள்ளி நின்று, கவைக்கம்பில் கஞ்சிக்கலயத்தை மாட்டி முனியாயி நீட்டினாள். "முனியாயி, கிட்ட வா புள்ள, குளுருது" என்று அவன் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. ஊர் முழுக்கப் பின்னால் நின்றது. அவள் போகவில்லை. மூன்றாம் நாள் கூப்பிடும் சத்தம் நின்றுபோயிற்று.

அன்றைக்குக் கோயில் வாசலில் போய் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரி இறைத்தாள். "வெள்ளைப் பூவைக் குடுத்து எம் புருசனைக் கொன்னுட்டயேடா பூசாரி! நீ வெளங்குவியா? ஒன் வம்சம் வெளங்குமா?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கத்தி ஓய்ந்த பிறகு வேறு மாதிரி நினைக்கத் தொடங்கினாள். சாமி பொய் சொல்லாது. தப்பு தன்னுடையது. பூவை ஆசைப்பட்டுக் கேட்டதால் சாமி ஆசைக்குக் கொடுத்துவிட்டு ஆளை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள் அதை.

அதற்கப்புறம் ஒத்தப்புளியில் இன்னொன்றும் நடந்தது. மலைக்குப் போக யார் பூக்கேட்டாலும் சிவப்பே வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. ஒன்பது வருஷமும் சிவப்பு. சாமி மலையை அடைத்துவிட்டது என்று ஊர் அடங்கிக் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஏலக்காட்டுக்குப் போய் வந்து காரைவீடு கட்டினார்கள். ஒத்தப்புளிக்காரர்கள் வானம்பார்த்த நிலத்தில் சோளத்தைத் தூவிவிட்டு, அந்த வீடுகளைப் பார்த்து, "அனுபவிக்கட்டும், அனுபவிக்கட்டும், எத்தனை நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு திருப்தி. என்னத்தைச் சொல்ல!

அழகுமலை தேவாரம் ஊர்ப் பக்கத்து ஆள். இந்த ஊர்ப் பூ அவனைக் கட்டாது. இரண்டு பொதிமாடு வைத்துக்கொண்டு அரிசியும் உப்பும் மேலே ஏற்றிப் போவான், ஏலக்காய் இறக்கி வருவான். வரும்போதெல்லாம் முனியாயி வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவான். பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டவன். அவர்கள் சாதியில் விதவை அறுத்துக்கட்டுவது வழக்கந்தான், ஊர் ஒன்றும் சொல்லாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நேராகவே கேட்டான்.

"பாதி மெட்டுல ஒரு ஏலத்தோட்டத்தைப் பாத்துக்க ஒத்துக்கிட்டிருக்கேன். பாதி வெள்ளாமை நமக்கு. கொட்டகை இருக்கு, பக்கத்துல ஊத்து இருக்கு. வந்துரு முனியாயி. இங்க என்ன இருக்கு ஒனக்கு?"

அவளுக்கு உள்ளே குப்பென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. எழுந்த மறு நொடியே பயம் அதைக் கழுத்தைப் பிடித்து அமுக்கியது. "பூக்கேட்டுச் சொல்றேன்" என்றாள். சிவப்பு வந்தது. அடுத்த வருஷம் கேட்டான். சிவப்பு. பத்து நாள் முன்பு மூன்றாவது தடவையாகக் கேட்டான். சிவப்பு. ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி மட்டும் அழுவாள்.

"சரி. இனிமே கேக்கலை" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு மலையேறியவன்தான். இப்போது மாடு மட்டும் வந்து நிற்கிறது.

பக்கத்து வீட்டு மருதாயி ஓடி வந்தாள். ஊர்ப் பெரியவர் பிச்சைமணி வந்தார். நாலு பேர் மூட்டையை இறக்கினார்கள். "மேல ஏதோ ஆயிப்போச்சு. ஆனை கீனை அடிச்சிருக்கும்" என்றான் ஒருவன். "காய்ச்சலாத்தான் இருக்கும். நேத்துக் கூலியாளுக பத்துப் பேரு அந்தப்பக்கமா எறங்கி ஓடுனதா ஆட்டுக்காரன் சொன்னான்" என்றான் இன்னொருவன்.

"அப்ப அவுக ஒத்தையாக் கெடக்காகளா?" என்று முனியாயி கேட்டாள். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். மலையின் உச்சி தெரியவில்லை, இடுப்பு வரைக்கும் மேகம் இறங்கியிருந்தது.

பிச்சைமணி தொண்டையைக் கனைத்தார். "நம்ம ஊர்த் தண்ணி குடிச்ச மனுசன். விட்டுற முடியாது. நாலு பேரு போயிப் பாக்கலாமான்னு பூக்கேப்போம்."

கோயிலில் கூட்டம் கூடிற்று. வீரணன் திரைக்குப் பின்னால் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மருதாயியின் மகள் பொன்னுமணி, ஏழு வயசு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்தான். சிவப்பு.

"சாமி வேண்டாங்குது. நாம என்ன செய்ய முடியும்?" என்றார் பிச்சைமணி.

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. துக்கப் பெருமூச்சு இல்லை அது. அப்பாடா என்கிற பெருமூச்சு. முனியாயிக்கு அது நன்றாகக் கேட்டது. அதே பெருமூச்சு தன் நெஞ்சிலிருந்தும் வெளியே போனதை அவள் கவனித்தாள். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. ஒரு மனுஷன் மேலே சாகக் கிடக்கிறான், நமக்கு ஏன் இத்தனை நிம்மதி? மூன்று தடவை அவனை வேண்டாம் என்றபோதும் இதே நிம்மதிதானே வந்தது? வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவள் அப்படி வெட்கப்பட்டதில்லை.

கூட்டம் கலைந்தது. ஆளாளுக்கு அவசரமாகச் சோலி வந்துவிட்டது. எடுக்காத பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வீரணன் ஓடைப்பக்கம் போனான். முனியாயி பின்னாலேயே போனாள். இன்னொரு தரம் பூக்கட்டச் சொல்லிக் கேட்கத்தான் போனாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வை சரியாக இல்லை. திருடன் போலப் பார்த்தான்.

"பூசாரியண்ணே, அந்தப் பொட்டலத்தை இங்க கொண்டா."

"என்ன ஆத்தா சொல்றே? கண்ணு அவிஞ்சு போகும்."

"அவிஞ்சா அவியட்டும். கொண்டா."

அவன் ஓடையில் எறியக் கையை ஓங்கினான். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். இவ்வளவு பயந்தாங்கொள்ளிக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ! பொட்டலம் அவள் கைக்கு வந்தது. பிரிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பிரித்தாள். பிறகு மெள்ளத் திறந்தாள். கண் தெரிந்தது. இலையில் இருந்ததும் தெரிந்தது. செவ்வரளி.

வீரணன் ஓடைக்கரைச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை நாளா?" என்றாள் அவள்.

"ஒம்பது வருசமா." அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "ஒம் புருசனுக்கு நெசமாத்தான் கட்டினேன் ஆத்தா. வெள்ளை வந்துச்சு, செத்துட்டான். நீ வந்து மண்ணை வாரித் தூத்துனே. அந்த மாசமே எம் பிள்ளைக்குச் சீக்கு கண்டு போச்சு. ஒன் வாக்குத்தான் பலிச்சிருச்சுன்னு இருந்தேன். அதுக்கப்புறம் மலைக்குப் போறேன்னு எவன் வந்து நின்னாலும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும். வெள்ளை வந்து அவன் செத்தா அவன் பொண்டாட்டியும் வந்து மண்ணை வாரித் தூத்துவா. சேப்புன்னா ஒரு பயலும் சாக மாட்டான், ஒருத்தரும் என்னைத் திட்ட மாட்டாக. ரெண்டுலயும் சேப்பையே கட்டிட்டேன்."

முனியாயி கையிலிருந்த பூவைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகச் சாமி பேசவே இல்லை. இவன் பயந்தது தன் வாய்க்கு. தான் பயந்தது இவன் கட்டிய பூவுக்கு. ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்திக்கொண்டு ஓர் ஊரையே கட்டிப் போட்டிருக்கிறோம்! அவனைத் திட்ட வாயெடுத்தாள். பிறகு அடக்கிக்கொண்டாள். பிள்ளை செத்தவனைத் தன் வாயும் சேர்ந்துதான் இப்படி ஆக்கியிருக்கிறது.

பொட்டலத்தோடு பிச்சைமணி வீட்டு வாசலுக்கு ஓடினாள். இலையை விரித்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். வீரணனும் பின்னால் வந்து தலையைத் தொங்கப்போட்டு ஒப்புக்கொண்டான். ஆட்கள் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனிமேலாவது கிளம்புவார்கள் என்று முனியாயி நினைத்தாள்.

பிச்சைமணி தாடையைச் சொறிந்தார். "ரெண்டுலயும் சேப்பைக் கட்டணும்னு அவன் மனசுல தோண வச்சது யாரு? சாமிதானே? சாமி சித்தமில்லாம ஒம்பது வருசம் ஒரு மனுசன் பொய்க்கட்டுக் கட்ட முடியுமா?"

"ஆமா, அதானே" என்றது கூட்டம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு இரண்டு பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சேலையை இழுத்துச் செருகினாள். மருதாயி அரிசிமாவு உருண்டையும், அட்டைக்குத் தடவப் புகையிலையும் சுண்ணாம்பும் கட்டிக் கொடுத்தாள். "ஏக்கா, வேணாங்க்கா" என்று அழுதுகொண்டேதான் கொடுத்தாள். "எறங்கி வரும்போது போடி ஆசுபத்திரிக்கு நேராக் கொண்டுபோயிரு. அங்க கொய்னான்னு ஒரு மருந்து குடுக்குறாகளாம். காய்ச்சலு நிக்குதாம். வெரசாப் போயிட்டு வெரசா வந்துரு அக்கா."

முனியாயி மாட்டின் கயிற்றைப் பிடித்தாள். எல்லைக்கல் தாண்டும்போது கால் தானாக நின்றது. ஒன்பது வருஷமாக அந்தக் கல்லைத் தாண்டாத கால். மாடு அவளை இழுத்துக்கொண்டு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

மலைப்பாதை ஒற்றையடி. முதல் திருப்பத்திலேயே ஊர் மறைந்தது, இரண்டாம் திருப்பத்தில் வெயில் மறைந்தது. மேகத்துக்குள் புகுந்த பிறகு பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கோ கருமந்தி ஒன்று உறுமிவிட்டு நிறுத்திக்கொண்டது. பாதையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. மாடு மோந்து பார்த்து உடம்பைச் சிலிர்த்தது.

அவள் வாய் சும்மா இருக்குமா? 'இந்தத் திருப்பத்துல கெடப்பாரு. கழுத்து முறிஞ்சு கெடப்பாரு.' திருப்பம் வந்தது, ஆளில்லை. 'அடுத்ததுல கெடப்பாரு. நரி கடிச்சிருக்கும்.' அங்கேயும் இல்லை. பாதித் தூரம் ஏறுவதற்குள் அழகுமலையைப் பன்னிரண்டு தடவை கொன்றுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் காலில் தெம்பு குறைந்தது.

பதின்மூன்றாவது திருப்பத்தில் நாற்றம் அடித்தது. கீழே பள்ளத்தில் அவனுடைய இன்னொரு மாடு கால் மடங்கிச் செத்துக் கிடந்தது. காகங்கள் அதன் கண்ணைத் தின்றுகொண்டிருந்தன. பாதையோரம் சேற்றில் அழகுமலை மாடு ஓட்டும் தார்க்குச்சி கிடந்தது. அதைக் கையில் எடுத்தவள் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பிப் போய்விடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "அப்பவே சொன்னோமே" என்பார்கள், கஞ்சி கொடுப்பார்கள். நாளைக்கும் அதே வாசலில் சாணி தெளிக்கலாம். எவ்வளவு சுகமான நினைப்பு அது! அதன் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது. காலையில் கோயில் வாசலில் வந்த அதே பெருமூச்சு, தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். 'செத்துட்டாரு' என்று வரப் பார்த்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். ஒன்பது வருஷமாகச் சொல்லாத மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு ஏதோ ஒன்று அந்த மேகத்துக்குள் நிற்பது போலத்தான் இருந்தது.

"அவுக உசுரோட இருக்கணும்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். "உசுரோட இருக்கணும்! எனக்கு வேணும்!"

காது கொடுத்துக் கேட்டாள். இடி விழவில்லை. மரம் முறியவில்லை. தண்ணீர் சொட்டியது. மாடு அசைபோட்டது. அவள் எழுந்து புகையிலையைக் காலில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு நடந்தாள்.

கொட்டகை ஏலச்செடிகளுக்கு நடுவே, பெரிய மரங்களின் இருட்டில் இருந்தது. புகை இல்லை. ஆள் சத்தம் இல்லை. பறித்த காய்கள் பாயில் நனைந்து பூஞ்சணம் பூத்துக் கிடந்தன. கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வெளியிலிருந்து குறுக்கே உலக்கை மாதிரி ஒரு கட்டையைக் கொடுத்து அடைத்திருந்தார்கள். வழியில் மாட்டை விட்டுவிட்டுக் காய்ச்சலோடு திரும்பி வந்தவனை உள்ளே போட்டு, ஓடிப்போன கூலியாட்கள் செய்த வேலை. காய்ச்சல் பின்னாலேயே வந்துவிடக் கூடாதாம். கதவின் அடி இடுக்கில், உள்ளேயிருந்து நகத்தால் மண்ணைப் பிராண்டிய தடம் இருந்தது.

கட்டையை உருவி எறிந்தாள். உள்ளே சாக்குகளுக்கு நடுவில் ஒரு குவியல் கிடந்தது. அது நடுங்கியது.

"யாரு?" என்றது.

"முனியாயி."

"மோகினி, போயிரு. அவ உருவத்துல வராதே. அவ வரமாட்டா. அவ மலை ஏறமாட்டா."

"மோகினிக்கு ஒங்க மாட்டை ஓட்டத் தெரியுமாக்கும்? எந்திரிங்க" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. கொதித்தால் என்ன, உயிர் இருந்தது! ஊற்றுத் தண்ணீர் கொடுத்தாள், மாவு உருண்டையைக் கரைத்து ஊட்டினாள். பொதிக்கயிற்றால் மாட்டின் மேல் அவனைச் சேர்த்துக் கட்டினாள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அவன் இடுப்பு. இறங்கத் தொடங்கினாள்.

எல்லைக்கல்லை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதையை அடைத்து ஊர் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் கம்போடு நின்றார்கள். நடுவில் பிச்சைமணி.

"அங்கேயே நில்லு ஆத்தா. கட்டு தெரியுமில்ல? மூணு நாளு குடிசையில கெடக்கட்டும். நீயும் அவனைத் தொட்டுட்டே, நீயும் இரு. கஞ்சி நாங்க தர்றோம்."

கவைக்கம்பும் கலயமும் தயாராக எல்லைக்கல்லில் சாத்தி இருந்தன. முனியாயி குடிசையைப் பார்த்தாள். கூரை பிய்ந்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாட்டின் மேல் அழகுமலையின் பல் தந்தியடித்தது. "குளுருது முனியாயி" என்றான். அதே வார்த்தை.

"மாமா" என்றாள் பிச்சைமணியிடம். "ஒம்பது வருசத்துக்கு முந்தி இந்த எடத்துல பத்தடி தள்ளி நின்னேன். நீங்க சொன்னதைக் கேட்டேன். எம் புருசன் குளுருதுன்னு கூப்புட்டாரு, நான் போகலை. மலைதான் அவரைக் கொன்னுச்சுன்னு இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன். மலை கொல்லலை. இந்த ஈரக் குடிசையில போட்டு நாம கொன்னோம். நானுந்தான் கொன்னேன்."

"எதுத்துப் பேசாதே! மீறி வந்தா அடிச்சுப்போடுவோம்."

"அடிங்க. அடிக்கிறதுக்குக் கிட்ட வரணுமில்ல?"

கயிற்றைப் பிடித்து மாட்டை ஓட்டினாள். கம்புகள் உயர்ந்தன. அவள் நிற்கவில்லை. பத்தடி, எட்டடி. முன்னால் நின்றவன் காய்ச்சல்காரனின் முகத்தைப் பார்த்தான். ஒரு கால் பின்னால் வைத்தான். பக்கத்தில் நின்றவனும் வைத்தான். பிச்சைமணி, "விடாதீங்கடா!" என்று கத்திக்கொண்டே முள்வேலி வரைக்கும் ஒதுங்கினார். அவர்களுக்கு இருந்த பயமே அவளுக்குப் பாதையைத் திறந்துவிட்டது.

வீதியில் இரண்டு பக்கமும் கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொண்டன. மருதாயி வீட்டுக் கதவு மட்டும் பாதி திறந்து, ஒரு கம்பளி வெளியே வந்து விழுந்தது. முனியாயி அதை எடுத்து அவன் மேல் போர்த்தினாள். கோயிலைத் தாண்டும்போது பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. கல்லால் எறியத்தான் வருகிறார்கள் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

வந்தது வீரணன். முகம் வெளுத்திருந்தது. மாட்டின் மறுபக்கம் வந்து, வழுக்கிக்கொண்டிருந்த அழகுமலையின் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான்.

தூறல் விழ ஆரம்பித்தது. ஊர்க்கோடியைத் தாண்டிப் போடிப் பாதையில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு மைல். அழகுமலை கண்ணைத் திறந்து அவளைத் தேடினான்.

"முனியாயி, நீ எப்பவும் முன்கூட்டியே சொல்லிருவியே. மறைக்காமச் சொல்லு. நான் பொழைப்பனா?"

அவளுக்குத் தெரியாது. அவன் உடம்புச் சூட்டைப் பார்த்தால் நம்பிக்கைக்கு இடமும் இல்லை. பழைய வார்த்தை பழகின இடத்திலேயே, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழைச்சுக்கிருவீங்க. அந்தக் கொட்டகைக்கு நாம ரெண்டு பேரும் திரும்பிப் போகணும். கதவுல குடுத்திருந்த அந்தக் குறுக்குக் கட்டையை நானே அடுப்புல வைக்கணும். ஆசையா இருக்கு எனக்கு" என்றாள்.

சொல்லும்போது அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள்.